காதுகுத்து சார்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் மொய்தீனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கடையிலேயே உட்கார்ந்துகொண்டான். பெண்ணை ஆத்தூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கடைக்குட்டி இம்தியாஸ் மட்டும் சென்னைக்குப் போய் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படித்துவிட்டு வந்தான்.

"விளையாட்டுன்னா விளையாட்டு, சயின்ஸுன்னா சயின்ஸு. ரெண்டும் சேர்ந்து என்னடா படிப்பு?" என்று மொய்தீன் கேட்டார். இம்தியாஸ் ஒரு மணி நேரம் விளக்கினான். ஓடுகிறவன் உடம்பில் என்ன நடக்கிறது, எப்போது களைக்கிறது, எதைச் சாப்பிட்டால் தேறும், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதையெல்லாம் அளந்து பயிற்சியாளருக்குச் சொல்வதுதான் வேலை என்றான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வீட்டில் பெண் கொடுக்க வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?" என்றார்.

அம்மா மஸ்தான் பீவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "டாக்டர் மாதிரி, ஆனா டாக்டர் இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தாள். இதைக் கேட்ட நாலு குடும்பங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. ஐந்தாவதாக வந்தவர் இளவயதில் மாநில அளவில் பூப்பந்து ஆடியவர். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர். "எங்க காலத்துல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா" என்று பெருமூச்சு விட்டவர், தன் மகள் நாஸியாவை இம்தியாஸுக்குக் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் பெங்களூரில் பெரிய பயிற்சி மையம் ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே அவனைப் போல இருபது பேர். ஆளுக்கொரு கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் திருச்செங்கோட்டிலிருந்து மயில்சாமி போன் செய்தார்.

மயில்சாமியிடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஏழு இருந்தன. அவை மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் வருடம் முழுக்க போர் போட்டுக்கொண்டிருந்தன. டிவியில் ஓர் ஓட்டப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, நம்ம பக்கத்துப் பிள்ளைகளையும் இப்படி ஓடவிட்டுப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் மறுநாளே வண்டியை நகர்த்துகிற மனிதர். ராசிபுரம் சாலையில் இருந்த தன் பூமியில் நானூறு மீட்டருக்கு மண் ஓடுதளம் போட்டார். ரிக் நிறுத்துகிற கொட்டகையை உடற்பயிற்சிக் கூடமாக்கினார். வித்யா என்ற முன்னாள் ஓட்டக்காரியைப் பயிற்சியாளராக வைத்தார். கடைசியில் இம்தியாஸைக் கூப்பிட்டார்.

"பூமிக்குள்ள தண்ணி இருக்குதான்னு மெஷின் வெச்சுப் பாக்கறமில்லீங்க தம்பி, அது மாதிரி ஆளுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கோணும். அதுக்கு நீங்க வாங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாகத் தன் படிப்பை யாரும் சொல்லி இம்தியாஸ் கேட்டதில்லை. அந்த மாதமே வந்துவிட்டான். விடியலில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்புவான். வெயில் ஏறுவதற்குள் மைதானத்தில் இருப்பான்.

முதல் வாரமே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஓடுகிறவர்களின் ரத்தத்தில் லாக்டேட் என்று ஒன்று சேரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். அதை அளந்தால் யார் எந்த வேகத்தைத் தாங்குவார் என்று தெரியும். அதற்கு ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் முடிந்ததும் ஆளை நிறுத்தி, காது மடலில் ஊசியால் ஒரு குத்து குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். இம்தியாஸ் கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சும் ஊசியுமாக வரிசையாக ஒவ்வொரு காதாகக் குத்திக்கொண்டு போவதை மயில்சாமி ஓரமாக நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மாமன் மடியில உக்கார வெக்காம காது குத்துறீங்களே, முறையாகுமுங்களா? மொட்டை எப்ப அடிக்கறீங்க?" என்றார்.

மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அவன் காதுகுத்து சார். ஓடுகிற பிள்ளைகள் மட்டுமில்லை, பால் ஊற்றுகிறவர்கூட "காதுகுத்து சார் வந்துட்டாருங்களா?" என்றுதான் கேட்டார். இம்தியாஸுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். பெங்களூரில் அவனுக்குப் பெயரே கிடையாது என்பதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டான்.

அந்த மைதானத்தின் நம்பிக்கை தமிழினி. வெண்ணந்தூர்ப் பெண், பத்தொன்பது வயது, பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். அப்பா ராசப்பன் வீட்டிலேயே நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். மாநிலப் போட்டியில் முப்பத்தைந்து நிமிடம் இருபது நொடியில் ஓடி முதலாவதாக வந்திருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் குறைந்தால் தேசிய அளவில் பதக்கத்தின் பக்கத்தில் போகலாம் என்று வித்யா கணக்குப் போட்டிருந்தாள். தமிழினி அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். கேட்காத கேள்விக்கு ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. விஞ்ஞானத்துக்கு ஏற்ற ஆள் என்று இம்தியாஸ் அவளைப் பற்றிப் பெருமையாக நினைத்தான்.

ஜூன் மாதம் அவள் வேகம் குறைந்தது. முதலில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி, பிறகு இரண்டு, பிறகு நாலு. முன்பு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இப்போது மூச்சு வாங்கியது. காலில் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அதுவும் கேட்டதால் சொன்னாள்.

இம்தியாஸ் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்து எட்டில் இருந்தது. நெடுந்தூரம் ஓடுகிற பெண்ணுக்கு முப்பதாவது வேண்டும். அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். நோய் கிடைத்துவிட்டது, மருந்தும் இருக்கிறது. நாமக்கல் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இம்தியாஸ் தன் லேப்டாப்பில் தமிழினிக்கென்று இருந்த அட்டவணையில் 'மாத்திரை' என்று ஒரு கட்டம் சேர்த்தான். தினமும் கேட்பான்.

"மாத்திரை சாப்டியாம்மா?"

"சாப்ட்டனுங்க சார்."

கட்டத்தில் ஒரு டிக். இரண்டு மாதம், அறுபது டிக். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது.

லேப் சரியில்லை என்று நினைத்து வேறு லேபில் கொடுத்தான். அங்கேயும் ஒன்பது. சரி, இரும்போடு வேறு ஏதோ இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். புது ஷூவா, மாதவிலக்கா, மனக்கவலையா, தூக்கமா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் முளைத்தது. ஆகஸ்டில் நாற்பத்திரண்டு கட்டங்கள் இருந்தன. மயில்சாமி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஜாதகமே இத்தனை கட்டம் இல்லீங்களே தம்பி" என்றார். அவர் பங்குக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வந்தது. வெண்ணந்தூரில் கண் பட்டிருக்கிறது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். வித்யா ஸ்டாப்வாட்சை அமுக்கி, நேரத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்வாள். அதுதான் இம்தியாஸை எல்லாவற்றையும்விட அதிகமாக வதைத்தது.

திருச்செங்கோட்டு பேக்கரியில் ரிக் முதலாளிகள் கூடும்போது பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. காது குத்துவதற்குத்தான் இன்னொரு அர்த்தமும் உண்டே. "மயில்சாமிக்கு சேலத்துத் தம்பி நல்லாக் காது குத்திப்போட்டாரு" என்று சிரித்தார்களாம். மயில்சாமி அதைச் சிரித்தபடியே இம்தியாஸிடம் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வண்டி மூணு மாசமா நிக்குதுங்க சாமி. மெக்கானிக் நோட்டு எழுதிட்டே இருக்கறாப்டி. நோட்டு நல்லா இருக்குதுங்க, நான் குறை சொல்லல. வண்டி எப்பக் கிளம்புமுங்க?"

இம்தியாஸ் அன்று வீட்டில் சாப்பிடவே இல்லை. நாஸியா தட்டை எடுத்துக்கொண்டே, "தட்டுல எவ்வளவு மிச்சம்னு அளந்து எழுதிக்கவா?" என்றாள். அதற்கும் அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவள் தட்டைக் கொண்டுபோவதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. யோசனை தப்பு, அது பிறகு தெரிந்தது. தமிழினி வீட்டில் தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும்? தூக்கமில்லாமல் உடம்பு எப்படித் தேறும்? ஞாயிற்றுக்கிழமை காலை, போனில் சத்தத்தை அளக்கிற செயலியை ஏற்றிக்கொண்டு, வித்யாவையும் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூருக்குப் போனான்.

வீட்டின் முன்பாதி தறிக்கூடம், பின்பாதி குடியிருப்பு. நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ராசப்பன் வாசலுக்கு ஓடிவந்து கும்பிட்டார். அவர் பேசியது உதட்டசைவில்தான் தெரிந்தது. இம்தியாஸ் போனை நீட்டினான். முள் உச்சிக்குப் போய் நின்றது. வெற்றியோடு வித்யாவைப் பார்த்தான்.

"ராத்திரியும் இப்படித்தானுங்களா?" என்று கத்தினான்.

"ஒம்போது மணிக்கு நிறுத்திப்போடுவேனுங்க" என்று ராசப்பன் திருப்பிக் கத்தினார்.

"தமிழினிக்குத் தூக்கம் கெடறதில்லீங்களா?"

தமிழினி அவளாகவே பதில் சொன்னாள். "தறி நின்னாத்தானுங்க சார் தூக்கம் வராது. பொறந்ததுல இருந்து கேட்டுப் பழக்கம்."

நாற்பத்திரண்டு கட்டங்களில் ஒன்று அங்கேயே விழுந்தது. வித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

வந்தவர்களைச் சும்மா அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மனைவி பழனியம்மா தறிகளுக்கு நூல் பாவு ஓட்டக் கூலிக்குப் போய்விடுவதால் சமையலறை ராசப்பன் பொறுப்பு. அதிலும் டீ அவருடைய பெருமை. நாலு டம்ளரில் கொண்டுவந்தார். பால் என்று ஒன்று அதில் பேருக்குத்தான் இருந்தது. தூளைக் கொதிக்கவிட்டுக் கொதிக்கவிட்டு, தறிக்கு விடுகிற எண்ணெய் மாதிரிக் கறுத்திருந்தது. இம்தியாஸ் ஒரு வாய் குடித்தான். கண் விரிந்தது.

ஓரமாக உட்கார்ந்து காலை இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழினி முடித்துவிட்டு எழுந்தாள். சாமி படத்துக்குக் கீழே இருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள். டீ டம்ளரைத் தூக்கி ஒரே மடக்கில் விழுங்கினாள்.

இம்தியாஸின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"தினமும் இப்படித்தானா?" என்று கத்தினான்.

"ஆமாங்க சார்."

"டீயோடயா?"

"ஆமாங்க சார். தண்ணியில முழுங்குனா கசக்குதுங்க."

"ரெண்டு மாசமா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க சார்" என்றாள்.

உண்மைதான். அறுபது நாள் அவன் கேட்டது ஒரே கேள்வி. அவளும் அறுபது நாளும் அதற்குச் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறாள். டீ, அதுவும் இவ்வளவு திடமான டீ, கூடவே போனால் மாத்திரையில் இருக்கிற இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அதைப் படித்து எழுதி மார்க் வாங்கியவன் அவன்.

ராசப்பனுக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "உங்க பொண்ணு உடம்புல இரும்பே இல்லீங்க."

அதே நொடியில் மின்சாரம் போயிற்று. நாலு தறியும் நின்றன. பக்கத்து வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி, தெருவிலிருந்த அத்தனை தறியும் நின்றன. அந்த அமைதியில் இம்தியாஸின் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. ஐந்து நிமிடத்தில் வாசலில் ஒன்பது பேர். ஒருவர் கையில் முருங்கைக்கீரை. இன்னொருவர், இரும்பு வாணலியில் சமைத்தால் போதும் என்று சொல்லி, வாணலியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ராசப்பன் யாரையும் பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கையால குடுத்ததுதானுங்களா எம்புள்ளைய ஓட விடாம வெச்சுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்த இம்தியாஸுக்கு இப்போது குரல் இறங்கிவிட்டது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "இல்லீங்கண்ணா. இரும்பு குறையறது இந்த ஓட்டம் ஓடற பொண்ணுங்களுக்கு வர்றதுதான். அதைச் சரி பண்ற வேலை என்னுது. எதோட சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். டீ மேல குத்தமில்லீங்க. மாத்திரைய எலுமிச்சந்தண்ணியில சாப்பிடட்டும். டீ ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடுங்க."

"நிறுத்த வேண்டாமுங்களா?"

"வேண்டாங்க. நல்ல டீங்க" என்றான் இம்தியாஸ். அது பொய்யில்லை. அவன் இன்னும் இரண்டு நாளைக்குத் தூங்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

திரும்பும் வழியெல்லாம் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தான். மறுநாள் வித்யாவிடம் கொடுத்த அறிக்கையில் 'உணவுப் பழக்கம் சார்ந்த உறிஞ்சுதல் குறைபாடு' என்று இருந்தது. வித்யா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நானும்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன். இதுக்கு இத்தனை வார்த்தையா?"

இம்தியாஸ் காகிதத்தை வாங்கி, அடித்துவிட்டு, 'டீ. நான் கேட்கவில்லை' என்று எழுதினான். அதையே மயில்சாமியிடமும் காட்டினான். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றான். மயில்சாமி இரண்டு முறை படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டேங்க் நிறைய டீசல் ஊத்தறோம், ஃபில்டர் அடைச்சிருக்குது. இதானுங்களே தம்பி? எங்க வண்டியில இது நடக்காத வருசமே கெடையாது. ஒத்துக்கிட்ட மெக்கானிக்கைத்தான் நான் பாத்ததில்ல."

சாயங்காலமே இந்தக் கதை பேக்கரிக்குப் போய்விட்டது. ரிக் முதலாளிகளின் மனைவிமார் பலர் அந்த வாரம் தங்கள் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார்களாம்.

வெண்ணந்தூரில் ராசப்பன் போனில் பத்தரைக்கு அலாரம் வைத்தார். மகள் குடிக்காமல் தானும் குடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். பத்தரை மணி வரைக்கும் அவர் ஓட்டுகிற தறியில் நூல் அதிகம் அறுகிறது என்று பழனியம்மா புகார் சொன்னாள். அலாரம் அடித்த பிறகு அறுவதில்லையாம்.

மூன்றாவது வாரம் தமிழினி படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. ஆறாவது வாரம் வித்யா ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பத்தாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். இருபத்தொன்பது. இம்தியாஸ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை எடுத்துப் பார்த்தான்.

தேசியப் போட்டி வெளிமாநிலத்தில் நடந்தது. இருபத்தைந்து சுற்று. இம்தியாஸின் வேலை ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு, தண்ணீர் பாட்டில், ஓட்டம் முடிந்ததும் எடுக்க வேண்டிய அளவுகள். பதினெட்டாவது சுற்று வரை தமிழினி ஏழாவதாக ஓடினாள். வித்யா வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்தினாள். இருபதில் தமிழினி ஒருத்தியைத் தாண்டினாள், இருபத்திரண்டில் இன்னொருத்தியை. கடைசி வளைவில் இன்னும் ஒருத்தி. இம்தியாஸ் கையிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்து தன் பேண்ட்டிலேயே விட்டுக்கொண்டிருந்தான். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலாவது. முப்பத்துநாலு நிமிடம் இருபத்தாறு நொடி. பதக்கம் இல்லை. ஆனால் அவள் வாழ்க்கையில் ஓடியதிலேயே வேகமான ஓட்டம், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு. புல்லில் மல்லாந்து கிடந்தவளிடம் இம்தியாஸ் ஓடினான். அவள்தான் முதலில் பேசினாள், அதுவும் யாரும் கேட்காமல்.

"சார், இப்ப டீ குடிக்கலாமுங்களா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மாத்திரை சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. "குடி" என்றான். அவனே போய்க் காகிதக் கப்பில் வாங்கிவந்தான். இஞ்சியும் சர்க்கரையுமாக இனித்த டீ. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்கப்பா போடற மாதிரி இல்லீங்க சார்" என்று சொல்லி அழுதாள். வித்யாவும் அழுதாள். இம்தியாஸ் அளவு எடுக்கும் கருவியைத் தேடுவதாகப் பையைக் குடைந்துகொண்டிருந்தான்.

அந்த நாலாவது இடத்துக்காக அவளைத் தேசியப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. நடுவில் தமிழினி, ஒரு பக்கம் வித்யா, இன்னொரு பக்கம் மயில்சாமி. மயில்சாமிக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை. மஸ்தான் பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "இது இம்தியாஸு கைதான். சின்னதுல சைக்கிள்ல இருந்து விழுந்த தழும்பு" என்றாள். மொய்தீன் அந்தப் பக்கத்தை வெட்டி, கடையில் மிளகாய் மூட்டைக்கு மேலே ஒட்டினார். வருகிறவர்களுக்கு முழங்கையைக் காட்டினார்.

தமிழினி முகாமுக்குப் போன வாரம் மைதானத்துக்குப் புதிதாக ஆறு பேர் வந்தார்கள். இம்தியாஸ் இப்போது ஊசியை எடுப்பதற்கு முன்னால் அவரவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வருகிறான். பள்ளிபாளையம் வரைக்கும்கூடப் போகிறான். போனால் அவர்கள் போடுவதைச் சாப்பிடுகிறான். எதோடு எது, எத்தனை மணிக்கு, யார் சமைக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்கிறான். சாப்பிட மறுத்தால் அவர்கள் மனசு விட்டுப் பேச மாட்டார்கள் என்பது அவன் கட்சி. எட்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது. போன வாரம் நாஸியா எடை பார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

"பேட்டரி இல்ல" என்றான் இம்தியாஸ்.

"மாத்திட்டேன்" என்றாள் நாஸியா.